பானெட்டைத் தொட்டால் பேசும்

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தப் பெரிய கடையின் பின்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் கால் வைக்க இடமில்லை. கடை திறக்க இன்னும் நேரமிருக்கிறது. ஆனாலும் கூட்டம் நெரிகிறது. எதையாவது இலவசமாகக் கொடுக்கிறார்களா? சேச்சே! கொடுப்பதற்கு வந்த கூட்டம் இது. மகான் வருகிறார்!

மனிதர்களுக்கு நல்வாக்கு சொல்லும் மகான்கள் மலிந்துவிட்ட காலம். அந்தத் தொழிலில் போட்டி அதிகம். இவர் விவரமானவர், வேறு கடை போட்டார். இவர் கார்களோடு பேசுகிறவர். பானெட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். அவ்வளவுதான், கார் தன் மனக்குறையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுமாம். கட்டிய மனைவியிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத ஆண்கள், தங்கள் கார் என்ன சொல்கிறது என்று கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என் வண்டி முன்னாடி லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர்தான் கொடுக்கும். அவர் கை வெச்சார், இப்ப பதினெட்டு!"

"என் வண்டியோட ஹாரனே மாறிப்போச்சுங்க. முன்னெல்லாம் அடிச்சா கோவமா இருக்கும். இப்ப பாசமா இருக்கு."

"ரிவர்ஸே விழாம கெடந்த வண்டி. அவர் தொட்டதும் தானா பின்னால போச்சு!"

அந்த வண்டி சரிவில் நின்றிருந்தது. அந்த விவரத்தை அவர் சொல்லவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

கூடியிருந்தவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் 'நான்கு சக்கர நண்பர்கள் கழகம்'. வாராவாரம் இதே இடத்தில் கூடி, கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி குனிந்து குனிந்து பார்ப்பார்கள். 'அப்படியே அப்பா ஜாடை' என்று சொல்லாததுதான் பாக்கி. எந்த இன்ஜினுக்கு எத்தனை குதிரை பலம், எந்த டயர் மழையில் வழுக்கும், எந்த நாட்டில் எந்தப் புகைச் சட்டம் எப்போது வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பெட்ரோல் விலை ஏறினால் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இறங்கினால், "ஐயோ, நேத்துதானே டாங்க் ரொப்பினேன்" என்று அழுவார்கள். அறிவு நிறைய இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்துவதில் மட்டும் கொஞ்சம் சிக்கனம்.

கழகத் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். தொழிலில் நெருப்பு. சீட்டில்லாமல் ஒரு மாத்திரை கொடுக்கமாட்டார். தேதி முடிந்த இருமல் மருந்தைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் பதறுவார். அவருக்கு ஒரு பழைய டீசல் கார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. "எங்க வீட்டுக்கு நான் ரெண்டாவதாத்தான் வந்தேன்" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாவுக்குத் தண்ணீர் வாரியத்தில் புகார் கேட்கும் வேலை. பகல் முழுக்க ஊரின் புகாரைக் கேட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து டீசலின் பெருமையைக் கேட்க வேண்டும்.

கழகத்தில் இன்னும் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் 'டர்போ'. கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கிறவர். அவர் காரின் சைலன்சர் குழாயில் ஒரு பூனை குடும்பத்தோடு குடியிருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது. இன்னொருவர் 'சட்டம்'. வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி எத்தனை கறுப்பு இருக்கலாம், ஹாரன் எத்தனை சத்தம் போடலாம், எல்லாவற்றுக்கும் விதி எண் சொல்வார்.

இவர்கள் மூவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அது, தலைவருடைய மச்சினியின் கார்.

மச்சினி பல் டாக்டர். வைத்திருப்பது கைக்கு அடக்கமான ஒரு மின்சாரக் கார்.

"அது காரில்ல. செல்போனுக்குச் சக்கரம் வெச்சிருக்காங்க" என்பார் தலைவர்.

"சத்தமே போடாத வண்டியை எப்படிங்க நம்பறது?" என்பார் டர்போ.

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. நாள் பூரா திறந்த வாய்ங்களோடதான் வேலை. வீட்டுக்குப் போற வழியிலயாவது ஒண்ணு வாயை மூடிட்டு வரட்டுமே!"

இப்படிப்பட்ட கழகத்துக்குள்தான் மகான் புகுந்தார்.

வெள்ளை வெளேரென்று மெக்கானிக் உடுப்பு. அதில் மருந்துக்கும் ஓர் எண்ணெய்ப் பொட்டு கிடையாது. பின்னாலேயே ஒரு சீடர், மகானின் மச்சான்தான். அவர் மகானின் தலைக்குமேல் பெரிய குடை பிடித்துக்கொண்டு, உதடு அசைவது தெரியாமல் ஏதோ மந்திரத்தை முணுமுணுத்தபடியே வருவார்.

"மெக்கானிக் உடம்பைப் பார்ப்பான். நான் உள்ளத்தைப் பார்ப்பேன்" என்றார் மகான். கூட்டம் சொக்கிப்போனது. காருக்கு உள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது, ரேடியேட்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எவரும் கேட்கவில்லை. வார்த்தை அழகாக இருந்தது. போதாதா?

முறை இதுதான். கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுச் சாவியைச் சீடரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஒவ்வொரு காருக்குள்ளும் உட்கார்ந்து 'உள் சுத்தி' செய்வார். பிறகு காரை மேலிருந்து தரைவரை வெள்ளைத் துணியால் மூடுவார். எல்லோரும் வாசலுக்குப் போய்க் கண்மூடி நிற்க, சீடர் போய் மகானை அழைத்து வருவார். எந்தக் கார் யாருடையது, என்ன நிறம், என்ன வகை, எதுவும் தெரியாமலே மகான் துணிக்குமேல் கை வைத்துக் காரின் நோயைப் புட்டுப்புட்டு வைப்பார். காணிக்கை வாங்கிக்கொண்டு ஒரு செப்பு வளையம் தருவார். அதை டீசலோ பெட்ரோலோ ஓடும் குழாயில் மாட்ட வேண்டும். மாட்டியபின் மூன்று வாரம் விரதம். காருக்கு அல்ல, ஓட்டுகிறவருக்கு. வேகமாகப் போகக்கூடாது. ஏசி போடக்கூடாது. டிக்கியில் பாரம் ஏற்றக்கூடாது. டயரில் காற்று குறையக்கூடாது. முக்கியமாக, எந்த மெக்கானிக்கின் கையும் படக்கூடாது. பட்டால் அருள் கலைந்துவிடும்!

தலைவரின் காருக்குக் கொஞ்ச நாளாகவே பிரேக்கில் ஒரு கீச்சுச் சத்தம்; வண்டி உள்ளே நுழையும்போதே எல்லோர் காதிலும் விழும். மகான் துணிமேல் கை வைத்தார். முகம் கோணியது.

"அழுகிறது... சக்கரம் அழுகிறது! 'இத்தனை காலம் உழைத்தேனே, என்மேல் சந்தேகமா' என்று கேட்கிறது!"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தின வாரம்தான் பிரேக்கை ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று மனதுக்குள் நினைத்திருந்தார். மனதுக்குள் நினைத்தது காருக்கு எப்படித் தெரிந்தது! மருந்துக்கடையில் தேதி பார்க்காமல் ஒரு டப்பாவை எடுக்காத மனிதர், செப்பு வளையத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மைலேஜ் ஏறியது. கீச்சுச் சத்தமும் ஏறியது.

"என்னங்க, இந்தச் சத்தத்துல என் பல்லே கூசுது. ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்றார் மனைவி.

"மூணு வாரம் முடியட்டும்."

"அதுக்குள்ள நாம முடிஞ்சிட்டா?"

"அபசகுனமா பேசாதே. வண்டி காதுல விழும்."

வண்டியின் காதில் விழுந்ததோ என்னவோ, மறுநாள் காலை அது பதில் சொல்லிவிட்டது. அவர்கள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் பாதை நல்ல சரிவு. மனைவியை வேலைக்கு இறக்கிவிடப் போனார் தலைவர். பாதி வழியில் பிரேக்கை மிதித்தார். கார் கீச்சிட்டது, நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். "நின்னுடும், நின்னுடும்" என்றார். "யாருக்குச் சொல்றீங்க, எனக்கா, வண்டிக்கா?" என்று மனைவி கத்துவதற்குள் சரிவு முடிந்து, நடைபாதை ஏறி, மெத்தைக் கடை வாசலில் அடுக்கியிருந்த மெத்தைகளுக்குள் கார் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. பஞ்சு பறந்தது. கடைக்காரர் ஓடி வந்தார். மனைவியின் சாப்பாட்டுப் பை கூரையில் மோதி மடியில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

தலைவர் கதவைத் திறந்து இறங்கினார். பஞ்சு ஒட்டிய மீசையோடு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"பார்த்தியா! வளையம் காப்பாத்திடுச்சு! இத்தனை கடை இருக்கு. இரும்புக் கடையில மோதாம மெத்தைக் கடையாப் பார்த்து மோதியிருக்கு பாரு!"

மனைவி அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தார்.

பல் டாக்டர் அன்று மாலையே வந்தார். காரையும் பார்த்தார், அத்தானையும் பார்த்தார். முதலில் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணில் கோபம் இருந்தது.

"அத்தான், என்கிட்ட ஒருத்தர் பல்வலின்னு வந்தா, நான் முதல்ல என்ன செய்வேன்?"

"வாயைத் திறக்கச் சொல்லுவே."

"உங்க மகான் இதுவரைக்கும் ஒரு பானெட்டையாவது திறந்து பார்த்திருக்காரா?"

"அவருக்குத் திறக்க வேண்டிய அவசியமே இல்லம்மா. அதனாலதான் அவர் மகான். நீ டாக்டர்."

"சரி, மைலேஜ் ஏறிச்சுன்னு சொல்றீங்க. மெதுவா ஓட்டி, ஏசியை நிறுத்தி, பாரத்தை இறக்கி, காத்தும் அடிச்சா, வளையத்துக்குப் பதிலா முறுக்குக் கம்பியைக் கட்டினாலும் ஏறும் அத்தான்!"

"நம்பிக்கை இல்லாதவங்ககிட்ட வண்டி பேசாது" என்றார் தலைவர். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

சும்மா விட்டுவிடலாம்தான். ஆனால் கழகம் ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தது. குடும்பம் குட்டியோடு எல்லாக் கார்களும் வரிசையாக மலைக்குப் போவது. கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எல்லாக் கார்களிலும் செப்பு வளையம். விரதம் தொடங்கியதிலிருந்து எந்தக் காரையும் மெக்கானிக் தொடவில்லை. வழியில் மெத்தைக் கடை எதுவும் கிடையாது.

"நான் ஏறமாட்டேன்" என்றார் மனைவி.

"நீ வராட்டி பரவாயில்ல. பிள்ளைங்க ரெண்டையும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் தலைவர்.

அந்த அம்மா தங்கையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "யாருக்கும் தெரியாம ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து நம்ம வண்டியைச் சரி பண்ணிடலாமா?"

"பண்ணலாங்க்கா. ஆனா பின்னால வர்ற வண்டிங்க? முன்னால போற வண்டிங்க? அதிலயும் பிள்ளைங்கதானே உக்காந்திருக்கு."

அடுத்த ஞாயிறு பல் டாக்டரும் பக்தையாகக் கூட்டத்தில் நின்றார். மற்றவர்கள் மகானின் கையைப் பார்த்தார்கள். அவர் சீடரைப் பார்த்தார். உள் சுத்தி செய்யப் போன சீடர் கையில் ஒரு துடைக்கிற துணிகூட இல்லை! உள்ளே உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டார், ஏதோ சின்னதாக ஒன்றைச் செருகினார், போனைப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டு அடுத்த காருக்குப் போனார். பிறகு மகான் வந்தபோது பல் டாக்டர் பக்தி முற்றிக் குடைக்கு மிக அருகில் போய்விட்டார். சீடரின் மந்திரம் காதில் விழுந்தது.

"மூணாவது ப்ளக்கு... மூணாவது ப்ளக்கு... பாட்டரி வீக்கு... பாட்டரி வீக்கு..."

"இதன் மூன்றாவது உள்ளம் வாடுகிறது! இதன் சக்தி குன்றிவிட்டது!" என்றார் மகான்.

"ஆகா!" என்றது கூட்டம்.

பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார். நேரே டர்போவிடம் போனார்.

"ஸ்டீயரிங் அடியில செருகி போன்ல பார்க்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

"அதுவா? இருக்கே! வண்டிக்கு என்ன கோளாறுன்னு அப்படியே போன்ல காட்டும். என்கிட்டயே ஒண்ணு இருக்கு. டீசல் வண்டியா பெட்ரோல் வண்டியா, எந்த ப்ளக் போச்சு, எல்லாம் சொல்லிடும்."

"சீடர் கையிலயும் ஒண்ணு இருக்கு. நீங்க பார்த்ததில்லையா?"

டர்போ நீண்ட நேரம் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"பார்த்திருக்கேன்" என்றார்.

"அப்புறம்?"

"பார்த்தேன். ஆனா யோசிக்கலை."

நாட்டில் பாதிப் பேர் இந்த டர்போதான். பொருள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். தெரியும். யோசிக்க மட்டும் மாட்டார்கள்.

பயணத்துக்குப் புறப்படும் ஞாயிறும் வந்தது. மகான் கடைசியாக ஒருமுறை எல்லாக் கார்களையும் தொட்டு ஆசி வழங்கிவிட்டால், அப்படியே மலைக்குப் புறப்பாடு. பிள்ளைகள் தொப்பியோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதல் கார் தலைவருடையது. சீடர் உள் சுத்தி முடித்தார், துணி போர்த்தினார், மகானை அழைத்துவரப் புறப்பட்டார். கூட்டம் வாசலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டது. தலைவர் எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட இறுக்கமாக மூடிக்கொண்டார்.

கண்ணை மூடாதவர்கள் மூன்று பேர்.

தலைவரின் மனைவி துணியை விலக்கி, மாற்றுச் சாவியால் டீசல் காரைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரலில் போட்டார். டர்போவும் பல் டாக்டரும் தள்ளினார்கள். "அக்கா, ஸ்டீயரிங்கைத் திருப்புங்க! சுவர்! சுவர்!" என்று டர்போ கிசுகிசுத்தார். வாழ்நாளிலேயே அவர் முதன்முறையாகச் சத்தமில்லாமல் செய்த காரியம் அது. டீசல் கார் தூணுக்குப் பின்னால் மறைந்தது. தள்ளினால் போய்விடும், நிறுத்துவதுதான் பாடு என்பதால் டர்போ ஒரு கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அந்த இடத்துக்கு மின்சாரக் கார் வந்து நின்றது. ஒரு சின்ன உறுமல்? ஒரு முனகல்? ஒன்றுமில்லை! வாசலில் கண்மூடி நின்ற கூட்டத்தில் ஓர் இமைகூட அசையவில்லை. 'சத்தமே போடாத வண்டியை எப்படி நம்பறது' என்று கேட்ட டர்போ அதன் கூரையை ஆசையாகத் தடவிக் கொடுத்தார். நீளம் கொஞ்சம் குறைந்தது. கடைக்காரர்கள் சாமான் தள்ளும் வண்டி ஒன்றைப் பின்னால் நிறுத்தி, அதையும் சேர்த்துத் துணி போர்த்தினார்கள்.

மகான் வந்தார். குடை வந்தது. மந்திரம் வந்தது.

"பழைய டீசலு... பழைய டீசலு... இன்ஜெக்டர் அடைப்பு... புகை... புகை..."

மகான் முதல் துணியின்மேல் கை வைத்தார். கண் செருகியது. தோள் நடுங்கியது.

"ஐயோ! இதன் தொண்டையெல்லாம் புகை! எத்தனை வருட உழைப்பு! இதன் ரத்தம், அந்தப் புனிதமான டீசல், ஓட வழியில்லாமல் தவிக்கிறது! 'என்னைக் கைவிட்டு விடாதே தலைவா' என்று கதறுகிறது!"

"கைவிடமாட்டேன்! கைவிடமாட்டேன்!" என்று தலைவர் ஓடிவந்து துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாவம், அவர் கட்டிப்பிடித்தது சாமான் வண்டிப் பக்கம். அது மெல்ல உருண்டு போனது. துணியும் அதோடு போனது.

நடுவில் பளபளவென்று நின்றது பொம்மை மாதிரி மின்சாரக் கார்.

பல் டாக்டர் முன்னால் வந்து கைகூப்பினார்.

"மகானே, இதுக்கு டீசல் எந்தப் பக்கமா ஓடுதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"

பானெட்டைத் தூக்கினார். உள்ளே இன்ஜின் இல்லை. ஒரு குடை இருந்தது. ஒரு பை இருந்தது. பள்ளிக்கூடங்களில் பல் துலக்கக் கற்றுக்கொடுக்க அவர் வைத்திருக்கும் பெரிய பொம்மைத் தாடை ஒன்று, இரண்டு வரிசைப் பல்லையும் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து இளித்தது.

பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மகான் லேசுப்பட்டவரா? சட்டென்று சுதாரித்தார். "நான் சொன்னது இதன் முற்பிறவியை! முற்பிறவியில் இது டீசலாக இருந்தது!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான்கைந்து தலைகள் 'அதானே' என்று ஆடின!

"ரொம்ப சரி" என்றார் பல் டாக்டர். "பக்கத்துத் துணிக்கு இந்தப் பிறவியை மட்டும் சொல்லிடுங்க. சீடர் அங்க தள்ளி நிக்கட்டும். குடையை நான் பிடிக்கறேன்."

மகான் அடுத்த துணிமேல் கை வைத்தார். வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். வியர்த்தது. ஓரக்கண்ணால் சீடரைப் பார்த்தார். சீடர் வானத்தைப் பார்த்தார்.

"வண்டிகளுக்குக் கோபம். பேச மறுக்கின்றன."

"எங்க வண்டிங்க கோவிச்சுக்கட்டும்" என்றார் தலைவரின் மனைவி. புகார் கேட்டுக் கேட்டுப் பழகிய நிதானமான குரல். "உங்க வண்டி உங்ககிட்ட பேசுமில்ல? வாங்க, அதுக்குப் போட்டிருக்கற வளையத்தைப் பார்ப்போம்."

வாசலில் நின்றது மகானின் கார். பெரியது, புத்தம் புதியது. கூட்டம் அதைச் சூழ்ந்துகொண்டது. டர்போ பானெட்டைத் திறந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"வளையமே இல்லை!"

உள்ளே எல்லாம் துடைத்துவிட்டதுபோல் மின்னியது. புது எண்ணெய் மணந்தது. சட்டம் குனிந்து சக்கரத்தின் இடுக்கில் பார்த்தார். ஓய்வு பெற்றபின் முதன்முறையாக அவருடைய பழைய கண் விழித்துக்கொண்டது. "பிரேக் பேட் புதுசா இருக்கே?"

"போன வாரந்தான் மாத்தினோம்!" என்றார் சீடர் பெருமையாக. "நல்ல மெக்கானிக்குங்க. நம்பர் வேணுமா?"

பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மகான் கையை ஓங்கினார். அன்று அவருடைய உள்ளங்கை உண்மையாகவே ஒன்றைத் தொட்டது: மச்சானின் கன்னத்தை.

கூட்டம் கொதித்தது. கால்மணி நேரத்துக்கு முன்னால் காலில் விழுந்த அதே கூட்டம், இப்போது காலை ஒடிக்கப் பாய்ந்தது. பல் டாக்டர் குறுக்கே நின்றார்.

"அவரை யாரும் தொடக்கூடாது! அடிக்கிற கையால முதல்ல போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. உங்க பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலையேற இருந்தீங்களே, அது அவர் தப்பு மட்டுந்தானா?"

கூட்டம் தலைகுனிந்தது. சட்டத்துக்கு மோசடிக்கான பிரிவு எண் நினைவுக்கு வந்தது. போலீசுக்கு அவரே போன் செய்தார். இத்தனை நாள் தகுதியில்லாத பிரேக்குக்கான விதி மட்டும் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று தலைவரின் மனைவி கேட்டதற்கு, அவரிடம் விதி எண் இல்லை.

தலைவர் தூணுக்குப் பின்னால் போய்த் தன் காருக்குப் பக்கத்தில் நின்றார். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மாத்திரை அட்டையின் தகடு மாதிரி மெலிந்திருந்தது. தலைவர் அதைப் பார்த்தார். பின் சீட்டில் ஏறித் தொப்பியைப் பிடுங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த தன் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தார்.

"தேதி ஒரு நாள் தாண்டின மருந்தை அடுத்தவன் பிள்ளைக்குக் கொடுத்திருக்கமாட்டேன்" என்றார் மனைவியிடம், மெதுவாக.

"தெரியும்" என்றார் மனைவி. "அதனாலதான் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன்."

பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. எல்லாக் கார்களும் மெக்கானிக்குகளின் பட்டறை வாசலில் வரிசை கட்டி நின்றன. ஊரிலிருந்த மெக்கானிக்குகளுக்கு மூன்று வாரத்துத் தூக்கம் ஒரே வாரத்தில் கெட்டது. மறு ஞாயிறு எல்லோரும் மலைக்குப் போனார்கள். ஏசி போட்டுக்கொண்டு, டிக்கி நிறையச் சாமானோடு, பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். மைலேஜ் பழையபடி இறங்கியது. வளைவுகளில் எல்லாக் கார்களும் ஒழுங்காக நின்றன.

கழகம் இப்போது திருந்திவிட்டதா என்று கேட்கிறீர்கள். சண்டை திருந்தவில்லை. டீசலா, பெட்ரோலா, மின்சாரமா என்று இன்றைக்கும் தொண்டை கிழிகிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், பிறந்த தேதிக்குப் பொருத்தமான நிறத்தில் கார் வாங்கினால் விபத்தே நடக்காது என்று சொல்லும் ஒரு நிபுணரைப் பற்றிக் கண்கள் விரியச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேர் கிட்டே நெருங்கிக் காதைக் கொடுத்தார்கள். டர்போ மட்டும் நெற்றியைத் தேய்த்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார். "இருங்க. யோசிக்கறேன்."

நீங்களும் கொஞ்சம் இருங்கள். எவனாவது வந்து, 'தொட்டுப் பார்த்தே சொல்கிறேன்' என்றால், திறந்து காட்டச் சொல்லுங்கள். அவனிடம் பானெட்டைத் திறக்கச் சொல்லும் முன்னால், உங்கள் தலையை ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். உள்ளே இன்ஜின் இருக்கிறதா? ஓடுகிறதா? நிறுத்தி வைத்திருந்தால் அது உங்கள் இஷ்டம். ஆனால் காலியான இடம் என்று தெரிந்துவிட்டால், தன் மூட்டையைக் கொண்டுவந்து வைக்க ஒருவன் எப்போதும் தயாராக நிற்கிறான்.